அம்மாவின் வாயில் திரும்பத் திரும்ப வரும் வெண்படலம்

கேள்வி (கடலூர் முதுநகர்):
அம்மாவுக்கு 68 வயது. சர்க்கரை நோயும் ஆஸ்துமாவும் உண்டு, மேல்வரிசைக்குப் பல்செட் அணிகிறார். வாய் எரிகிறது என்று இரண்டு மாதமாக மீன்குழம்பை ஒதுக்கிவிட்டு மோர்சோறு மட்டுமே சாப்பிடுகிறார். வயிற்றுச் சூடு என்றெண்ணி மணத்தக்காளிக் கீரை சமைத்துக் கொடுத்தும் குறையவில்லை. ஈரத்துணியால் நாக்கைத் துடைத்தபோது திரிந்த பால் போல வெள்ளை உரிந்து வர, அடியில் செக்கச்செவேலென்று இருந்தது. மருத்துவர் பூஞ்சைத் தொற்று என்று நிஸ்டாட்டின் எழுதிக் கொடுத்தார். நான்கே நாளில் மறைந்ததால் நிறுத்திவிட்டோம், மீண்டும் வந்துவிட்டது. ஏன்?

மறுமொழி (பல் மருத்துவர், புதுச்சேரி):
கேண்டிடா என்னும் இந்தப் பூஞ்சை நலமாக இருப்பவர்கள் பலரின் வாயிலும் அடங்கிக் கிடப்பதுதான். சர்க்கரை கூடும்போதும், எச்சில் வற்றும்போதும், ஆன்டிபயாட்டிக் மருந்துகளால் மற்ற கிருமிகள் அழியும்போதும் அது பெருகிவிடுகிறது. தங்கள் தாயார் ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுப்பவராக இருந்தால், ஒவ்வொரு முறையும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். ஸ்பேசர் (இன்ஹேலரில் பொருத்தும் குழாய்) வழியாக இழுத்தால் தொண்டையில் படியும் மருந்து குறையும். அதற்காக இன்ஹேலரை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். நிஸ்டாட்டின் பட்ட இடத்தில்தான் வேலை செய்யும் என்பதால், பல்செட்டைக் கழற்றிவிட்டு, இயன்றவரை வாயிலேயே வைத்திருந்து, படலம் மறைந்த பிறகும் குறைந்தது இரண்டு நாள் தொடர வேண்டும். பல்செட்டைத் தேய்த்துக் கழுவி இரவில் கழற்றி வைக்காவிட்டால், அதில் ஒட்டியிருக்கும் பூஞ்சை மறுபடியும் வாய்க்கே வரும். விழுங்கும்போது நெஞ்சில் வலித்தால் தாமதிக்க வேண்டாம். துடைத்தும் உரியாத வெள்ளைத் திட்டு வேறு வகை. வெற்றிலை, புகையிலை போடுபவர்கள் அதைக் கோரிமேடு ஜிப்மர் போன்ற இடத்தில் உடனே காட்ட வேண்டும்.

மறுமொழி (முத்தியால்பேட்டை):
ஒன்றைச் சேர்க்கிறேன். இதய வால்வு மாற்றியதால், ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடும் என் தந்தைக்கு, அதைக் கேட்காமலே ஒரு மருந்துக்கடையில் பூஞ்சைக்கான மைக்கனசோல் ஜெல் கொடுத்துவிட்டார்கள். வாயில் தடவுவதுதானே என்று நாங்களும் இருந்துவிட்டோம். ஒரு வாரத்தில் ஈறில் ரத்தம் நிற்காமல் கசிந்தது. அந்த ஜெல் வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டிவிடும், பூஞ்சைக்கான ஃப்ளூகனசோல் மாத்திரைக்கும் இதே ஆபத்து உண்டு என்று பிறகு தெரிந்துகொண்டோம். தாயார் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. இன்று பல்செட்டைக் கழற்றிப் பார்த்தேன். அண்ணத்தில் அதன் வடிவத்திலேயே சிவந்திருக்கிறது. பேரப்பிள்ளைகள் பொக்கை வாயைப் பார்த்துவிடுவார்களே என்ற கூச்சத்தில் இரவில் கழற்றியதே இல்லையாம். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைப் பார்க்க நாளை அழைத்துச் செல்கிறேன்.