ஏற்காட்டில் மாலை பார்ட்டி: மணப்பெண்ணுக்குக் கருப்பு காக்டெயில் டிரெஸ், எந்தத் துணி, எவ்வளவு நீளம்?

தறிவீட்டுப்பொண்ணு:
தை மாசக் கடைசியில் கல்யாணம். காலையில் சேலத்தில் முகூர்த்தம், பட்டுப்புடவை, அதில் குழப்பம் இல்லை. சாயங்காலம் ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட் பங்களாவில் 80 பேரோடு பார்ட்டி. 5.30க்குப் புல்வெளியில் கேக், போட்டோ. 7.30க்கு மேல் உள்ளே சாப்பாடு, டான்ஸ். இதுக்குக் கருப்பு காக்டெயில் டிரெஸ் (சாயங்கால விருந்துக்குப் போடுற கவுன்) முடிவு பண்ணியாச்சு. உயரம் 5 அடி 2 அங்குலம், தோள் கொஞ்சம் அகலம். பார்த்து வச்சது ரெண்டு. ஒண்ணு ரெடிமேட் சாட்டின் ஸ்லிப் டிரெஸ் (தோளில் மெல்லிய பட்டி மட்டும் இருக்கும்), தரை வரை வரும். இன்னொண்ணு துணி எடுத்துத் தைக்கிற வெல்வெட், தோள் இறங்கின மாடல். எது எடுக்கலாம்? கழுத்தில் புதுத் தாலிக்கயிறு இருக்கும். அம்மாவுக்குக் கருப்புன்னாலே முகம் சுருங்குது, அதுக்கும் ஒரு வழி சொல்லுங்க.

ஊசிமுனை:
ரெண்டும் வேண்டாம்மா.

சாட்டினில் பனித்துளி விழுந்தா காய்ஞ்ச பிறகும் வட்ட வட்டமா தடம் நிக்கலாம். உள்ளாடைத் தையல் ஒவ்வொண்ணும் வெளியே தெரியும். தரை வரை நீளம்னா ஈரப்புல்லில் கீழ் விளிம்பு தண்ணியை உறிஞ்சிக்கிட்டு காலோட ஒட்டும், அப்புறம் டான்ஸ் எங்கே ஆடுறது?

வெல்வெட் குளிருக்கு நல்லது. ஆனா 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிக்கிறதுக்குள்ள பின்பக்கம் அமுங்கி, சீட் பெல்ட் தடம் பளபளன்னு விழுந்துடும். அயர்ன் பாக்ஸ் வச்சா இன்னும் படுத்துக்கும், ஆவி காட்டினாத்தான் மயிர் எழும்பும். வெட்டும்போதும் எல்லாத் துண்டும் ஒரே திசையில் இருக்கணும். ஒண்ணு தலைகீழா போனாலும் அந்தப் பட்டி மட்டும் சாம்பலா தெரியும்.

கனமான கிரேப் எடுங்க. கசங்காது, மினுங்காது, உடம்பில் விழற விதமும் அழகா இருக்கும். 44 அங்குலப் பன்னாவில் (துணி அகலம்) ஏ-லைன் (மேலே ஒட்டி, கீழே விரியுற வெட்டு), முக்கால் கை வச்சுத் தைக்க 3.5 மீட்டர், லைனிங் 2.5 மீட்டர். முழுக்கை வேண்டாம், மருதாணி மறைஞ்சிடும். நீளம் முழங்காலுக்குக் கீழே ரெண்டு அங்குலம். ஆடுசதை அகலமா இருக்கிற இடத்தில் விளிம்பு நின்னா உயரம் குறைஞ்ச மாதிரி காட்டும்.

தோள் அகலத்துக்குத் தோள் இறங்கின மாடல் ஒத்து வராது. அதோட கையைத் தூக்கி மாலை மாத்தறதுக்குள்ள மேலே ஏறிடும். சதுரக் கழுத்து வச்சா கயிறு ரெண்டு பக்கமும் தெரிஞ்சு, தாலி உள்ளே போயிடும். தாலி வெளியே தெரியணும்னா போட் நெக், அதாவது தோளுக்குத் தோள் அகலமா, முன்னால இறங்காத கழுத்து. கருப்பு மேல மஞ்சள் கயிறு எடுப்பாவே இருக்கும்.

முதல்ல காடாத் துணியில் வெட்டி அளவு பார்க்கச் சொல்லுங்க. ரெண்டு பக்கத் தையலிலும் ஒரு அங்குலம் விடணும், கல்யாண நெருக்கத்தில் உடம்பு ஏறும் இறங்கும். பாவாடைப் பகுதி தைச்சதும் ஒரு ராத்திரி ஹேங்கரில் தொங்கவிட்டு, மறுநாள்தான் விளிம்பு மடிக்கணும். இல்லன்னா சாய்வா வெட்டின பக்கம் தொங்கி, கீழே கோணலா நிக்கும். டெய்லர்கள் அவசரத்தில் விடுறது இந்த ஒண்ணைத்தான். அயர்ன் உள்பக்கமா மட்டும், மேலே துணி போட்டு.

பனிலென்ஸ்:
போட்டோ பக்கத்திலிருந்து. அந்த மாசத்தில் 6.20 வாக்கில் சூரியன் இறங்கிடும். மினுங்காத மேட் கருப்பு வெளிச்சத்தை முழுங்கும். தலைமுடி கருப்பு, டிரெஸ் கருப்பு, பின்னால சில்வர் ஓக் மர நிழல்னா முகமும் கையும் மட்டும் தனியா மிதக்கும். அதனால கழுத்து விளிம்பிலோ இடுப்பிலோ மட்டும் கொஞ்சம் மணி வேலை வையுங்க, கையை நெட்டில் தைங்க. டிரெஸ் முழுக்க சீக்வின்ஸ் வேண்டாம், ஃபிளாஷில் புள்ளி புள்ளியா வெடிக்கும். தனி போட்டோ எல்லாம் 6 மணிக்குள்ள முடிங்க. மூடுபனி வந்துட்டா நேர் ஃபிளாஷ் அடிக்கக் கூடாது, பின்னாலிருந்து ஒரு விளக்கு வைக்கச் சொல்லுங்க. மாப்பிள்ளைக்குக் கருப்பு கோட் எடுத்துடாதீங்க, ரெண்டு பேரும் ஒட்டின மாதிரி ஒரே திட்டா தெரியும். சாம்பல் நிறம் சரியா வரும்.

துணி எடுக்கும்போது கடை வாசல் வெயிலுக்குக் கொண்டு வந்து பாருங்க. டியூப் லைட்டில் கருப்பா இருக்கிறது வெளியில் செம்மை, பச்சை அடிக்கும். லைனிங், நெட், ஜிப் எல்லாத்தையும் அந்த வெயிலிலேயே ஜோடி பாருங்க. வீட்டில் இருட்டு அறையில் ஃபோன் ஃபிளாஷ் போட்டு ஒரு படம் எடுங்க, துணி உள்ளே காட்டுதான்னு தெரிஞ்சிடும்.

தறிவீட்டுப்பொண்ணு:
கிரேப், சதுரக் கழுத்து, நெட் கைன்னு வச்சுக்கறேன். குளிருக்கு மேலே என்ன போடுறது? கோட் போட்டா டிரெஸ்ஸே தெரியாது.

செவ்வாய்ப்பேட்டை அக்கா:
ஏற்காடு 1,500 மீட்டர் உயரம் தங்கம். சேலத்தை விட ஏழெட்டு டிகிரி குறைவாத்தான் இருக்கும். நெட் கை தாங்காது. உள்ளே தோல் நிற தெர்மல் லெக்கிங்ஸ், லைனிங்குக்குப் பதிலா பின்னல் துணி ஸ்லிப். மேலே நம்ம ஊர் வெண்பட்டு அங்கவஸ்திரம், ஜரிகைக் கரை அகலமா உள்ளதா பார்த்து, ரெண்டு தோளும் மூடுற மாதிரி போர்த்திக்கோ. பட்டு காத்தை முழுசா தடுக்காது, அதனால அதுக்கு உள்பக்கமா மெல்லிய கம்பளித் துணி வச்சுத் தைக்கச் சொல்லு. அம்மாவுக்கும் அதுதான் வழி: பங்களா வாசலில் ஆரத்தி எடுக்கும்போது மேலே வெள்ளையும் ஜரிகையும்தான் தெரியும். போட்டோவுக்கு மட்டும் அதைக் கழட்டிக்கலாம். வளைகாப்புக்கே கருப்புப் புடவை கட்டுற வீடுகள் இருக்குன்னும் அம்மா காதில் போட்டு வை.

ஒண்ணு கவனி. வெண்பட்டு பக்கத்தில் கருப்புன்னா சாயம்தான் வில்லன். வாங்கின துணியை ஈர வெள்ளைக் கைக்குட்டையால் இருபது தடவை அழுத்தித் தேய். கைக்குட்டை சாம்பலானா அந்தத் துணியே வேண்டாம்.

செருப்பு அகலக் குதிகால், ஊசிக் குதிகால் புல்லில் இறங்கும். பவுடர், டியோடரன்ட் எல்லாம் காய்ஞ்ச பிறகு டிரெஸ்ஸுக்குள் காலை விட்டு மேலே ஏத்து, தலை வழியா போட்டா வெள்ளைக் கோடு நிச்சயம். மலை ஏறும்போது சுடிதாரில் போ. டிரெஸ் பருத்தி உறைக்குள்ள, கார் ஹூக்கில் தொங்கட்டும். கூட ஒட்டுற டேப் ஒரு சுருள், ஊக்கு, கருப்பு நூல் கோத்த ஊசி.

ஊசிமுனை:
அக்கா சொன்ன பின்னல் ஸ்லிப் போட்டா இடுப்பில் கால் அங்குலம் கூடும். அதைப் போட்டுக்கிட்டே அளவு கொடும்மா.