1977க்குப் பிறகு யாழ்ப்பாணத்து மிளகாய்க்கு என்ன நடந்தது?

உரும்பிராய்ப் பேத்தி:
எங்கள் அப்பப்பா தோட்டம் செய்தவர். 1970 முதல் 1977 வரை சிறிமாவோ பண்டாரநாயக்க பிரதமராக இருந்த காலம்தான் கமக்காரனுக்குப் பொற்காலம் என்று சாகும்வரை சொன்னார். கொழும்பில் வளர்ந்த அம்மம்மாவுக்கோ அது பாணுக்கு விடியக்காலை வரிசையில் நின்ற காலம். 1977இல் ஜே.ஆர். ஜெயவர்தன அரசு பொருளாதாரத்தைத் திறந்துவிட்ட பிறகு யாழ்ப்பாணத்துத் தோட்டங்களுக்கு உண்மையில் என்ன நடந்தது? கண்டவர்கள் சொல்லுங்கள்.

செம்மண்காரன்:
பிள்ளை, அப்போது எனக்குப் பதினேழு வயது. உங்கள் அப்பப்பா சொன்னதில் பொய்யில்லை. வெளிநாட்டு மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு வராமல் தடுத்திருந்த காலம் அது. கொழும்பு லொறி எங்கள் படலைக்கே வந்து நிற்கும். ஆறு பரப்புக் காணியில் ஐயா போட்ட மிளகாய்தான் எங்கள் மண்வீட்டைக் கல்வீடாக்கியது. துலா மிதித்து இறைத்த மனிதர் மண்ணெண்ணெய் மிசின் வாங்கியதும் அந்தக் காசில்தான்.

1977 நவம்பர் வரவுசெலவுத் திட்டத்தை வானொலியில் கேட்டோம். இறக்குமதி திறக்கிறது, டொலர் 16 ரூபாய் என்றார்கள். அதற்கும் எங்கள் கிணற்றடிக்கும் என்ன தொடர்பு என்று யாரும் விளக்கவில்லை. மாரி முடிய, ஐயா அம்மாவின் தாலிக்கொடியை அடைவு வைத்துக் கன்று நட்டார். பழைய விலையை நம்பி நட்டது. செத்தல் மிளகாய் காய்ந்து சாக்கில் ஏறியபோது இறக்குமதி மிளகாயும் வந்துவிட்டது. சுன்னாகம் சந்தையில் மூன்று நாள் சாக்கோடு இருந்தார். நான்காம் நாள் கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தார். அடுத்த ஓரிரு வருடத்தில் மண்ணெண்ணெய் விலையும் ஏறியது. கொடி திரும்பி வரவேயில்லை.

திறந்தது பிழை என்று நான் சொல்லமாட்டேன். கடையில் துணி கண்டோம், சைக்கிள் சாமான் கண்டோம். ஆனால் ஒரு போகம் முந்திச் சொல்லியிருந்தால் ஐயா புகையிலைக்கு மாறியிருப்பார். அதுதான் இன்றும் மனதில் கிடக்கிறது.

ஹட்டன் மகள்:
ஐயா, உங்கள் அம்மாவின் கொடியை நினைக்கக் கவலையாக இருக்கிறது. ஆனால் பொற்காலம் என்ற சொல்லை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. 1974இல் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் அரிசியும் மாவும் இல்லாமல் பட்டினியால் செத்தார்கள். பலர் லயத்தை, அதாவது தோட்டத்து வரிசை வீட்டை, விட்டு வன்னிக்குக் கூலிக்குப் போனார்கள். என் அம்மாவின் குடும்பமும் அப்படித்தான் விசுவமடுப் பக்கம் போனது. பகல் முழுக்க மிளகாய்ப் பழம் ஆய்ந்துவிட்டு, இரவில் எரிச்சல் தாங்காமல் தண்ணீர்ப் பானைக்குள் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். அப்புறம் விலை விழுந்தது. முதலில் நின்றது அவருடைய கூலிதான்.

கொட்டாஞ்சேனை:
அம்மம்மா சொன்ன வரிசை உண்மை. ஒருவர் கொண்டுபோகும் அரிசிக்குக்கூட அளவு இருந்தது. 1977க்குப் பிறகு கடை நிறைந்தது. ஆனால் 1979இல் கூப்பனுக்குக் கொடுத்த அரிசி போய், கடையில் கொடுத்துச் சாமான் வாங்கும் உணவு முத்திரை வந்தது. சாமான் விலை ஏற ஏற, முத்திரையில் எழுதியிருந்த தொகை அப்படியே நின்றது. எங்கள் வீட்டில் அதை வைத்து மாதக் கடைசியை எட்டியதே இல்லை.

செம்மண்காரன்:
ஹட்டன் பிள்ளை, என் மாமாவுக்கும் விசுவமடுவில் காணி இருந்தது. அங்கே குடிசை போட்டு ஒரு குடும்பம் வேலை செய்தது. 1978இல் மாமா அவர்களைப் போகச் சொன்னார். எங்கே போனார்கள் என்று எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. உங்கள் அம்மா அங்கே எந்த வருடம் வரை இருந்தார்?