சம்ப் பாதிக்குக் கீழே இறங்கினால் மோட்டார் தண்ணீர் எடுப்பதில்லை: கோளாறு எங்கே?

மாடித்தோட்டம்:
வணக்கம். கைவேலை தெரிந்தவர்கள் வழி சொன்னால் புண்ணியமாகப் போகும். வீட்டில் இருப்பது அரை எச்.பி. மோனோபிளாக் மோட்டார் (மோட்டாரும் பம்பும் ஒன்றாக இருப்பது), தானே தண்ணீரை இழுத்துக்கொள்ளும் செல்ஃப் பிரைமிங் வகை. வாசல் பக்கம் 8 அடி ஆழத்தில் சம்ப் (தரையடித் தொட்டி). அதிலிருந்து மொட்டைமாடித் தொட்டிக்கு ஏற்றுகிறோம். மாநகராட்சித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது. சம்ப் நிறைந்திருக்கும் நாளில் ஒரு குறையும் இல்லை, தொட்டியில் தண்ணீர் கொட்டுகிறது. மறுநாள் மோட்டார் ஓடும் சத்தம்தான் வருகிறது, மேலே சொட்டுத் தண்ணீர் இல்லை. மோட்டாரின் மூடியைக் கழற்றித் தண்ணீர் ஊற்றி எடுத்தால் கொஞ்ச நேரம் வந்துவிட்டு நின்றுவிடுகிறது.

வந்து பார்த்த பிளம்பர், "மோட்டார் போய்விட்டது, ஒரு எச்.பி.யாக வாங்கிப் போடுங்கள்" என்று சொல்லிவிட்டு, பார்த்ததற்கான கூலியையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். எனக்கு மனம் ஒப்பவில்லை. மாடியில் வெண்டையும் தக்காளியும் காய்க்கிற நேரம், குடம் சுமந்து மாளவில்லை. எனக்கு ரெஞ்ச் பிடிக்கத் தெரியும், பைப் ஒட்டியிருக்கிறேன். மோட்டாரைப் பிரித்துப் பழக்கமில்லை.

நொய்யல்:
மோட்டார் சுற்றத் தொடங்க உதவும் கெபாசிட்டராக இருக்கும் அக்கா. எங்கள் வீட்டிலும் இப்படித்தான் சத்தம் மட்டும் வந்தது. கெபாசிட்டரை மாற்றியதும் சரியாகிவிட்டது. விலையும் அதிகமில்லை.

பழைய ஃபிட்டர்:
தம்பி, கெபாசிட்டர் போனால் மோட்டார் உறுமிக்கொண்டே நிற்கும், இல்லாவிட்டால் திணறித் திணறிச் சுற்றும். இங்கே மோட்டார் முழு வேகத்தில் ஓடுகிறது. அதோடு, சம்ப் நிறைந்திருக்கும் நாளில் நன்றாக வேலை செய்கிற கெபாசிட்டர் மறுநாள் மட்டும் கெட்டுப்போகுமா?

அம்மா, புது மோட்டாருக்குப் பணம் எடுத்து வைக்காதீர்கள். மூன்று விஷயம் சொல்லுங்கள். ஒன்று, தண்ணீர் எடுக்காத நேரத்தில் மோட்டாரின் ஷாஃப்ட் அடியில் சொட்டுகிறதா? இரண்டு, சம்பிலிருந்து மோட்டாருக்கு வரும் பைப்பில் இணைப்புகள் எத்தனை? மூன்று, தண்ணீர் நின்றுபோவதற்குச் சற்று முன்னால் தொட்டியில் விழும் தண்ணீரை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பாருங்கள். அது எப்படி இருக்கிறது?

அதுவரை தண்ணீர் வராமல் மோட்டாரை ஓட விடாதீர்கள். உள்ளே இருக்கும் சீல் தண்ணீரில்தான் குளிர்கிறது. வறண்டு ஓடினால் சூடேறிக் கருகிவிடும். அப்புறம் பிளம்பர் சொன்னது உண்மையாகிவிடும்.

கொல்லைப்புறம்:
சம்புக்கும் தொட்டிக்கும் நடுவே உயரம் அதிகம் என்பதால் இருக்குமோ? தண்ணீர் மட்டம் இறங்க இறங்க மோட்டாரால் இழுக்க முடியாமல் போகலாமே.

பழைய ஃபிட்டர்:
நல்ல கேள்வி. ஆனால் கணக்கு இடிக்கிறது. மேலே இருந்து இழுக்கும் எந்தப் பம்பாக இருந்தாலும் தண்ணீரைப் பம்ப் வரை தள்ளிவிடுவது காற்றின் அழுத்தம்தான். கடல்மட்டத்தில் அதன் எல்லை சுமார் 10 மீட்டர். நடைமுறையில் நல்ல பம்ப் ஆறேழு மீட்டர் வரை எடுத்துவிடும். 8 அடி என்றால் இரண்டரை மீட்டர்கூட இல்லை. பாதி சம்புக்கும் முழு சம்புக்கும் நாலு அடிதான் வித்தியாசம். இதற்காக ஒரு எச்.பி. வாங்குவது வீண்.

மாடித்தோட்டம்:
ஐயா, பார்த்துவிட்டேன். ஷாஃப்ட் அடியில் ஈரமே இல்லை. வெளியே ஒரு எல்போ (வளைவு இணைப்பு), மோட்டார் வாயில் ஒரு இணைப்பு. சம்புக்குள் டார்ச் அடித்ததில் நடுவில் இரண்டு பைப் துண்டைச் சேர்க்கும் ஒரு கப்ளிங் தெரிகிறது, அடியில் தண்ணீர் திரும்ப இறங்காமல் பிடிக்கும் ஃபுட் வால்வு. டம்ளர் சோதனைதான் ஆச்சரியம். தண்ணீர் பால் கலந்ததுபோல வெளுத்திருந்தது. ஏதோ அழுக்கு என்று நினைத்து வைத்துவிட்டுப் பார்த்தால் டம்ளரின் அடியிலிருந்து தெளிந்துகொண்டே மேலே வந்தது. அடியில் வண்டல் எதுவும் தங்கவில்லை.

பழைய ஃபிட்டர்:
சேறாக இருந்தால் மேலே தெளிந்து அடியில் படியும். அடியிலிருந்து தெளிந்தால் அது காற்று. பைப் எங்கேயோ காற்று வாங்குகிறது.

எங்கே என்று கேட்பீர்கள். அதை உங்கள் சம்பே சொல்கிறது. வெளியே இருக்கும் எல்போவில் ஓட்டை என்றால் சம்ப் நிறைந்திருந்தாலும் கோளாறு தெரிந்திருக்கும். ஓட்டை தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும்வரை அதன் வழியாகவும் தண்ணீரேதான் உள்ளே போகும், உங்களுக்கு எதுவும் தெரியாது. மட்டம் அதற்குக் கீழே இறங்கிய நொடியிலிருந்து காற்று ஏறும். ஆகவே ஒரு நீளக் கம்பை சம்புக்குள் விட்டுப் பிடியுங்கள். மேலே தண்ணீர் வெளுக்க ஆரம்பித்ததும் கம்பில் ஈரம் எந்த உயரத்தில் நிற்கிறது என்று குறியுங்கள். பைப்பில் அந்த உயரத்தை ஒட்டித்தான் விரிசல் இருக்க வேண்டும். எனக்கு அந்தக் கப்ளிங் மேல்தான் சந்தேகம்.

கொல்லைப்புறம்:
இதற்காக யாரும் சம்புக்குள் இறங்கிவிடாதீர்கள்! மூடியே கிடந்த சம்பில் மூச்சுக்குக் காற்று இல்லாமல் போயிருக்கும். இறங்கியவரைத் தூக்கப் போனவரும் சேர்ந்து சாகும் செய்தியைப் பேப்பரில் எத்தனை முறை படித்துவிட்டோம். பைப்பை மேலே இழுத்துப் பாருங்கள், ஆள் உள்ளே போக வேண்டாம். பைப்பில் கை வைக்கும் முன் சுவிட்சை மட்டும் அணைக்காமல் மின்பலகையில் உள்ள எம்.சி.பி.யையும் இறக்கிவிடுங்கள்.

மாடித்தோட்டம்:
கம்பு வைத்துப் பார்த்தேன். ஈரம் நின்ற இடமும் கப்ளிங்கும் ஏறக்குறைய ஒரே உயரம். எல்போவுக்குக் கீழே ஹேக்ஸா பிளேடால் அறுத்து, பைப்பை ஆள்புழை வாய் வழியாக மேலே இழுத்துவிட்டேன். கப்ளிங்கின் விளிம்பில் தலைமுடி அளவுக்கு ஒரு கோடு, அதில் செம்மண் நிறத்தில் கறை. விரலால் பைப்பை லேசாக வளைத்தால் கோடு வாய் பிளக்கிறது, விட்டால் மூடிக்கொள்கிறது. இதன் மேல் சால்வென்ட் (பைப் ஒட்டும் பசை) பூசிவிட்டால் போதுமா?

பழைய ஃபிட்டர்:
போதாது. வெளியே பூசுவது அடுத்த வாரமே பிளக்கும். கப்ளிங்கே வேண்டாம் அம்மா. பி.வி.சி. பைப் 10 அடி, 20 அடி நீளங்களில் கிடைக்கிறது. 8 அடி சம்புக்குள் இணைப்புக்கு அவசியமே இல்லை, மிச்சம் கிடந்த துண்டுகளை ஒட்டி யாரோ வேலையை முடித்திருக்கிறார்கள். ஒரே துண்டாகப் போடுங்கள். ஃபுட் வால்வு தரையில் முட்டாமல் ஓர் அடியாவது மேலே நிற்கட்டும், வண்டலை உறிஞ்சாது. மோட்டார் வாயின் அளவைவிடச் சிறிய பைப்பைப் போடாதீர்கள்.

விரிசலுக்குக் காரணமும் இருக்கிறது. அந்தப் பைப்புக்கு கிளாம்ப் அடித்திருக்கிறார்களா? இருக்காது. மோட்டார் போடும்போதெல்லாம் அதிர்ந்து அதிர்ந்து இணைப்பில்தான் ஒடியும். சம்பின் வாய்ப்பக்கம் சுவரில் ஒரு கிளாம்ப் அடியுங்கள்.

வடசேரி:
ஒட்டுவது பற்றி நானும் கொஞ்சம் சொல்கிறேன். அறுத்த முனையின் பிசிறை உப்புத்தாளால் தேய்த்து, ஈரம் துளியும் இல்லாமல் துடையுங்கள். நம் ஊரில் பாதி ஒழுக்கு ஈரப் பைப்பில் ஒட்டுவதால்தான். பைப்பிலும் எல்போவிலும் சால்வென்ட் தடவி, நுழைத்ததும் கால் சுற்றுத் திருப்பி அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பி.வி.சி.க்கும் சி.பி.வி.சி.க்கும் சால்வென்ட் வேறு வேறு, டப்பாவைப் பார்த்து வாங்குங்கள். மறையுள்ள இடத்தில் டெஃப்லான் டேப்பை மறை இறுகும் திசையிலேயே சுற்றுங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் முறுக்கும்போது சுருண்டு வெளியே வந்துவிடும். அறுத்த இடத்தில் ஒரு யூனியன் (கழற்றி மாட்டும் இணைப்பு) போட்டுவிட்டால் அடுத்த முறை ஹேக்ஸா தேட வேண்டியதில்லை.

மாடித்தோட்டம்:
எல்லாம் செய்தாயிற்று. ராத்திரி முழுக்கக் காய விட்டுக் காலையில் மோட்டார் போட்டேன். சம்பில் தண்ணீர் முழங்கால் அளவுதான் இருந்தது, அப்படியும் தொட்டி நிறைந்தது. செலவு பைப், யூனியன், கிளாம்ப், சால்வென்ட் மட்டும்தான். எல்லோருக்கும் நன்றி. வெண்டைக்கு இன்று குழாய்த் தண்ணீர்.

நொய்யல்:
ஐயா, இதே இழையில் ஒன்று கேட்கலாமா? மாமனார் வீட்டில் இதற்கு நேர்மாறு. ஓட ஆரம்பித்தால் கடைசிவரை தண்ணீர் வருகிறது, வெளுப்பும் இல்லை. ஆனால் ராத்திரி கழிந்து காலையில் போட்டால் தண்ணீர் ஊற்றித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

பழைய ஃபிட்டர்:
அது ஃபுட் வால்வு தம்பி. மோட்டார் நின்றதும் பைப்பில் உள்ள தண்ணீரைப் பிடித்து வைப்பது அதன் வேலை, உங்களுடையது கசிய விடுகிறது. மேலே இழுத்துக் கழற்றிப் பாருங்கள். வாஷரில் கல்லோ தேங்காய் நாரோ சிக்கியிருந்தால் கழுவினாலே சரியாகிவிடும். வாஷர் தேய்ந்திருந்தால் புதிய வால்வு வாங்கி மாட்டுங்கள். எது என்று பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள்.