புதுப்பிப்பு: ஆங்கில மன்ற விண்ணப்பம், விட்டுப்போன விஷயங்கள்

ஆங்கில மன்றத்தில் சேர விண்ணப்பக் கடிதம் எழுதுவது பற்றி முன்பு சொன்னதில் ஒரு திருத்தம். 250 சொல் வரை போகலாம் என்றிருந்தேன். படிவத்தில் அளவு குறிப்பிடாவிட்டால் 120 முதல் 150 போதும்.

கடிதம் பெரும்பாலும் சறுக்குவது முதல் பத்தியில்தான். 'ஆங்கிலம் உலக மொழி' என்று நான்கு வரி ஓட்டுவார்கள். மன்றத்துக்கு அது தெரியாதா என்ன? பெயர், வகுப்பு, எந்த நாளில் வர முடியும் என்பதோடு தொடங்குங்கள். அடுத்து, ஒரே ஒரு குறை, துல்லியமாக: 'படித்தால் புரிகிறது, பேசும்போது இறந்தகால வினை தடுமாறுகிறது.' இதைப் படிப்பவருக்கு உங்களை எந்தக் குழுவில் போடலாம் என்பது உடனே தெரிந்துவிடும்.

உங்கள் ஆங்கில நிலை கேட்டால் 'சுமார்' என்று எழுதாதீர்கள். ஏ1 (தொடக்கம்) முதல் சி2 (முழுத் தேர்ச்சி) வரையான ஆறு ஐரோப்பிய மொழித்திறன் நிலைகளில் ஒன்றைச் சொல்லுங்கள். கூட்டிச் சொன்னால் நேர்காணலில் இரண்டாவது கேள்வியிலேயே குட்டு உடைந்துவிடும்.

'டிஸ்கஸ் அபவுட்' கண்ணில் பட்டால் 'அபவுட்'டை அடித்துவிடுங்கள். அந்த வினைக்கு அது வேண்டாம்.

நீங்கள் சேர நினைப்பது டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்ற மேடைப்பேச்சுப் பயிற்சி மன்றம் என்றால், 18 வயது நிறைந்திருக்க வேண்டும். வயது அதற்குக் கீழே என்றால் அவர்களுடைய கேவல் கிளப்பில் சேரலாம். அங்கே திடீர்த் தலைப்புப் பேச்சு 1 முதல் 2 நிமிடம். கடிகாரம் வைத்துப் பழகுங்கள். மனப்பாடம் இங்கே உதவாது.