மழலையர் வகுப்பின் பலன் கரைந்துதான் போகிறதா?

மாறன்:
மழலையருக்குக் கதை, பாட்டு, விளையாட்டு என்று வயதுக்கேற்பச் சொல்லிக்கொடுத்தால் பலன் வாழ்நாள் முழுக்க நிற்குமாம், அதனால் இந்த வகுப்புகளை விரிவாக்கவேண்டுமாம். எனக்கு நம்பிக்கை இல்லை. அமெரிக்காவின் டென்னசி மாநில அரசு பள்ளிக்கு முந்தைய வயதினருக்கு நடத்தும் முன்பருவ வகுப்புகளில் குலுக்கலில் இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் தொடர்ந்து கவனித்தது. 2022இல் வெளிவந்த முடிவில், ஆறாம் வகுப்பில் பின்தங்கியிருந்தது இடம் கிடைத்தவர்கள்தான்.

கயல்:
அந்த ஆய்வை நானும் மதிக்கிறேன். ஆனால் வகுப்பு என்று பெயர் வைத்தாலே எல்லாம் ஒன்றாகிவிடுமா? அதே அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1962இல் தொடங்கிய பெர்ரி முன்பருவப் பள்ளித் திட்டத்தைப் பாருங்கள். இன்று என்ன செய்யப்போகிறோம் என்று பிள்ளையே முடிவெடுக்கும், செய்யும், பிறகு செய்ததைப் பற்றிப் பேசும். வாரந்தோறும் ஆசிரியர் வீட்டுக்கே போவார். அறிவுத்திறன் சோதனையில் தெரிந்த முன்னிலை சில ஆண்டுகளில் மறைந்தது உண்மை. ஆனால் 40 வயதில் பார்த்தபோது, திட்டத்தில் சேராதவர்களைவிட இவர்களில் பள்ளியை முடித்தவர்கள் அதிகம், வருமானம் கூடுதல், கைதானவர்கள் குறைவு.

மாறன்:
மொத்தம் 123 பிள்ளைகள், அதில் திட்டத்தில் சேர்ந்தது 58 பேர். இதை வைத்து உலகத்துக்கே தீர்ப்பு எழுதலாமா?

இளவேனில்:
நான் மழலையர் ஆசிரியை. அடுக்கிய கட்டைகள் சரிந்ததும் நான் ஓடிப்போய் அடுக்கிக் கொடுப்பதில்லை. "ஏன் விழுந்தது?" என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பேன். பெரிய கட்டை அடியில் போகவேண்டும் என்று பிள்ளை கண்டுபிடிக்க நேரமாகும். அந்த நேரத்தில் பொறுமை வளர்கிறது, பேச்சு வளர்கிறது, தோற்றாலும் மறுபடி தொடங்கும் தைரியம் வருகிறது. இதையெல்லாம் எந்தத் தேர்வுத்தாளில் அளப்பீர்கள்? நான்கு வயதில் வரி வரியாக எழுதவைப்பதில் இது எதுவும் நடப்பதில்லை.

கயல்:
மாறன், எண்ணிக்கைதான் குறை என்றால் அதே டென்னசியில் சிறிய வகுப்பையும் பெரிய வகுப்பையும் ஒப்பிட 1985இல் தொடங்கிய ஸ்டார் திட்டம் இருக்கிறது. 11,000 பிள்ளைகளுக்கு மேல். யார் எந்த வகுப்பு என்பதும் குலுக்கல்தான். நல்ல மழலையர் வகுப்பு தந்த மதிப்பெண் முன்னிலை எட்டாம் வகுப்புக்குள் கரைந்துவிட்டது. அப்புறம் 27 வயதில் பார்த்தால், அந்த வகுப்புகளில் இருந்தவர்கள் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். முயற்சி, தானே முன்வருவது, வகுப்பைக் குலைக்காமல் இருப்பது என்று இளவேனில் சொன்ன குணங்கள் நடுவில் நிலைத்திருந்தன.

மாறன்:
சரி, ஸ்டார் எண்ணிக்கையை ஏற்கிறேன். ஆனால் பெர்ரியில் ஓர் ஆசிரியருக்கு ஐந்தாறு பிள்ளைகள்தான். அப்படிப்பட்ட ஆசிரியர்களைத் தயார் செய்யாமல் இடங்களை மட்டும் பெருக்கினால் டென்னசி முன்பருவ வகுப்புகளின் முடிவுதான் திரும்ப வரும். விரிவாக்கத்தை இப்போதும் எதிர்க்கிறேன்.