மாமா இறந்தபோதுதான் தெரிந்தது: பி.எஃப்.பில் ஒரு படிவம் போதாது

எங்கள் மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். போன வருடம் மாரடைப்பில் போய்விட்டார். கணக்கில் சேர்ந்த பி.எஃப். பணம் வரும் என்பது வரை அக்காவுக்குத் தெரியும். கம்பெனியில் கொடுத்ததும் அதற்கான படிவம் 20 மட்டும்தான். தெருவில் இருந்த பழைய மில் தொழிலாளி ஒருவர்தான், "5 ஐ.எஃப்., 10 டி ரெண்டும் சேர்த்துக் கொடும்மா" என்றார். அந்தப் பெரியவருக்கு எங்கள் குடும்பமே கடன்பட்டிருக்கிறது.

10 டி பென்ஷனுக்கு. முதலாளி கட்டும் 12 சதவீதத்தில் 8.33 அங்கேதான் போகிறது. பாஸ்புக்கில் கம்பெனி பங்கு குறைவாகத் தெரிவது அதனால்தான். தொழிலாளி தானே பென்ஷன் வாங்க 10 வருட சர்வீஸ் வேண்டும். ஆனால் வேலையில் இருக்கும்போது இறந்தால், ஒரு மாதச் சந்தா கட்டியிருந்தாலும் மனைவிக்குப் பென்ஷன் உண்டு. இரண்டு பிள்ளைகளுக்கு 25 வயது வரை தனியாக வரும்.

5 ஐ.எஃப். என்பது இ.டி.எல்.ஐ., அதாவது வேலையில் இருக்கும்போது இறந்தால் குடும்பத்துக்கு வரும் காப்பீடு. 1976லிருந்தே இருக்கிறது. இதற்கு நம் சம்பளத்தில் ஒரு பைசா பிடிப்பதில்லை, முழுக்க முதலாளி கட்டுவது. சம்பளச் சீட்டில் வராததால் பலருக்கும் இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. கடைசி 12 மாதச் சராசரிச் சம்பளம் போல 35 மடங்கு, அதோடு பி.எஃப். சராசரி இருப்பில் பாதி. சம்பளத்தை 15,000 வரைக்கும், இருப்பில் பாதியை 1,75,000 வரைக்கும்தான் எடுப்பார்கள். அதிகபட்சம் 7 லட்சம்.

இழுத்தடித்தது இனிஷியல்தான். ஆதாரில் பெயருக்குப் பின்னால், பி.எஃப்.பில் முன்னால். கம்பெனி கையெழுத்தோடு திருத்த வேண்டியிருந்தது. நாமினியை ஆன்லைனில் பதியாததால் தாசில்தார் ஆபீசில் வாரிசுச் சான்றிதழுக்கும் அலைந்தோம். பிள்ளைகளோடு அக்கா அங்கே காத்திருந்ததை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை. நாமினி பதிவு, உயிரோடு இருக்கும்போது வீட்டிலிருந்தே ஆதார் ஓ.டி.பி. போட்டு முடிக்கிற வேலை. தயவுசெய்து இன்றே செய்யுங்கள்.

*

இதைப் படித்த ஒருவரின் பதில்: அண்ணா, அக்காவுக்கு என் ஆறுதலைச் சொல்லுங்கள். எங்கள் சித்தப்பா மெஷினில் அடிபட்டு இறந்தவர். வேலை விபத்து என்றால் இ.எஸ்.ஐ.யிலும் (தொழிலாளர் அரசுக் காப்பீடு) கேட்க வேண்டும். சம்பளத்தில் 90 சதவீதம் குடும்பத்துக்கு மாதாமாதம் பிரித்துக் கொடுப்பார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே விபத்து நடந்திருந்தாலும் உண்டு. சித்தி அதில்தான் இரண்டு பிள்ளைகளையும் படிக்க வைக்கிறார்.