இடைக்காலப் பார்வை சேர்த்ததும் பவர் விழுகிறது, அவசர உதவி (சேலம்)

அஸ்தம்பட்டி: புரோட்டோகால் (சோதனைத் திட்ட ஆவணம்) நாளை காலை எதிக்ஸ் கமிட்டிக்குப் போகணும். இம்யூனோதெரபி (நோயெதிர்ப்பு சிகிச்சை) சோதனை, மருந்து லேட்டாத்தான் வேலை செய்யும். ஒரு ஃபியூட்டிலிட்டி பார்வை (நடுவில் டேட்டா பார்த்து, பலன் வராதுன்னு தோன்றினா சோதனையை நிறுத்துவது) சேர்த்ததும் சிமுலேஷனில் பவர் (நல்ல மருந்தை நல்லதுன்னு கண்டுபிடிக்கும் வாய்ப்பு) பயங்கரமா குறையுது. எதை மாத்தணும்?

சூரமங்கலம்: மொத்தம் எத்தனை ஈவெண்ட் (இறப்பு போன்ற, எண்ணப்படும் நிகழ்வு)? எத்தனையாவதில் பார்வை? நிறுத்தும் விதி என்னங்க?

அம்மாப்பேட்டை: லேட் என்றால் எத்தனை மாசம்? எதுவானாலும் லாக்-ரேங்க் (எல்லா ஈவெண்டுக்கும் சம எடை கொடுத்து இரு குழுவை ஒப்பிடும் முறை) தான் காரணம். ஃபிளெமிங்-ஹாரிங்டன் (0,1) எடை, அதாவது பிந்தி வரும் ஈவெண்டுக்கு அதிக எடை போடுங்க, சரியாயிடும்.

மணிக்கூண்டு: தம்பி, இங்கே எழுதும் முன் புரோட்டோகாலை நீயே ஒருமுறை படி. நிஜ டேட்டா என்றால் குழுவாரி எண் ஒன்றுகூட இங்கே வரக்கூடாது. அது கண்காணிப்புக் குழுவுக்கு மட்டும்.

அஸ்தம்பட்டி: டிசைன் கட்டம்தான் சார். 300 ஈவெண்ட், இரு குழுவுக்கும் 1:1, ஒருபக்க ஆல்ஃபா (பயனில்லா மருந்தை நல்லதுன்னு சொல்லிடும் முதல்வகைப் பிழையின் வரம்பு) 0.025. முதல் 4 மாசம் எச்.ஆர். (மருந்துக் குழுவில் ஈவெண்ட் வரும் வேகம், மற்ற குழுவின் வேகத்தோட விகிதம்) 1, அப்புறம் 0.6. 100 ஈவெண்டில் பார்வை. அன்றைய போக்குப்படி கண்டிஷனல் பவர் (முடிவில் சோதனை வெற்றி பெறும் வாய்ப்பு) 20%க்குக் கீழ் போனால் நிறுத்தம்.

சூரமங்கலம்: இங்கதான் சிக்கல். மூன்றில் ஒரு பங்கு ஈவெண்டில் 20% என்பது இசட் (குழு வித்தியாசத்தைத் தற்செயல் ஏற்ற இறக்கத்தால் வகுத்த எண்) 0.735. எச்.ஆரா மாத்தினா 0.86. அதாவது 0.86-ஐத் தாண்டினாலே நிறுத்தச் சொல்றீங்க. ஆள் சேர்ப்பு நடக்கும்போதே பார்ப்பதால், அந்த 100-ல் 70 ஈவெண்ட் முதல் 4 மாசத்துக்குள் விழுந்ததா வைங்க. மீதி 30-க்குத்தான் 0.6 பொருந்தும். 0.6-இன் 0.3 அடுக்கு, அதுவும் 0.86தான். நல்ல மருந்தே ஏறக்குறைய பாதி முறை நின்னுபோகும்.

புள்ளியியலாளர்கள் கார்ன், ஃப்ரைட்லின் 2018-ல் சொன்ன விதியை எடுங்க: பாதி ஈவெண்ட் வந்திருக்கணும், வந்ததில் மூன்றில் இரண்டு பங்காவது ரேண்டமைஸ் செய்து (குலுக்கல் முறையில் குழு ஒதுக்கி) 3 மாசத்துக்குப் பிறகு நடந்திருக்கணும். இரண்டும் சேர்ந்த பிறகு எச்.ஆர். 1-ஐத் தாண்டினால் மட்டும் நிறுத்தம். உங்க தாமதம் 4 மாசம், அதனால் 3-க்குப் பதில் 4 வைத்தும் ஓட்டிப் பாருங்க. விதி கட்டாயமில்லை என்று எழுதிடுங்க. கண்காணிப்புக் குழு அதை மீறித் தொடர்ந்தாலும் முதல்வகைப் பிழை அதிகமாகாது.

ஏற்காடு: மலைக் கிராமத்து நோயாளிகள் உண்டா? காப்பிப்பழம் பறிக்கிற சீசனில் ஃபாலோ-அப்புக்கு இறங்கி வரமாட்டாங்க. இறப்பு உடனே பதிவாகி, உயிரோடிருப்பவரின் கடைசித் தொடர்பு தேதி மட்டும் பழசா நின்னா, கேப்ளான்-மையர் வளைவு (உயிரோடிருப்பவர் பங்கைக் காட்டுவது) உள்ளதைவிடக் கீழே இறங்கும். கட்-ஆஃப் தேதிக்குப் பிறகு எல்லாருக்கும் போன் போட்டு நிலையைப் பதிஞ்ச பிறகே டேட்டாவைப் பூட்டுங்க.

அம்மாப்பேட்டை: எடை போட்டிருந்தா இந்தப் பாடே வேண்டாமே.

மணிக்கூண்டு: (0,1) எடையில் தகவல் பங்கு (முடிவில் கிடைக்கும் தகவலில் அதுவரை சேர்ந்த பங்கு) ஈவெண்ட் பங்கு ஆகாது. எல்லாரும் ஒரே நாளில் சேர்ந்ததா வைத்தால், பாதி ஈவெண்டில் எட்டில் ஒரு பங்கு தகவல்தான். 0.5 என்று போட்டு ஓ'பிரையன்-ஃபிளெமிங் முறையில் ஆல்ஃபாவைப் பார்வைகளுக்குப் பிரித்துச் செலவழித்தால் கணக்கே தப்பு. தொடக்கத்தில் மருந்தால் வரும் சாவுக்கும் எடை கிட்டத்தட்ட பூஜ்யம். இதை நோயாளிக்கு எப்படி நியாயப்படுத்துவே?

அம்மாப்பேட்டை: அதுக்குத்தான் புள்ளியியலாளர்கள் மேகிர், பர்மன் 2019-ல் மிதமான எடை கொடுத்தாங்க. தொடக்க ஈவெண்டுக்கு எடை 1, மேல்வரம்பும் உண்டு.

மணிக்கூண்டு: அப்படியானால் அதை முதலிலேயே சொல்லியிருக்கணும். (0,1) வேறு, அது வேறு.

அஸ்தம்பட்டி: பார்வையை 150 ஈவெண்டுக்குத் தள்ளி, 4 மாச நிபந்தனையோட ஓட்டினேன். பவர் பெரும்பாலும் திரும்பிடுச்சு. லாக்-ரேங்கே இருக்கட்டும். நன்றி.

சூரமங்கலம்: தாமதத்தை 6 மாசமா வைத்தும் ஒருதரம் ஓட்டுங்க. கமிட்டி கேட்கும்.